கருவறுக்கும் கச்சா எண்ணெய்

கடலிலே கப்பல் உடைந்தால் கணக்கெழுத வருகிறார்கள். எத்தனை பறவை மாண்டது, எத்தனை நீர்நாய் மாண்டது, எத்தனை திமிங்கலம் மறைந்தது என்று பேரேடு திறந்து எழுதுகிறார்கள். கறுப்பு எண்ணெயிலே தோய்ந்து, சிறகை விரிக்க இயலாமல் தவிக்கும் பறவையின் படம் உலகத்து ஏடுகளிலெல்லாம் வெளிவருகிறது. பார்த்தவர் நெஞ்சு பதறுகிறது. பதறத்தான் வேண்டும். ஆனால், படம் பழசாகிறது, பதற்றம் அடங்குகிறது, பேரேடு மூடப்படுகிறது. "இழப்பு இவ்வளவு, ஈடு இவ்வளவு, இனி உமக்கும் எமக்கும் வழக்கில்லை" என்று கையொப்பமும் இட்டுவிடுகிறார்கள்.

அந்தப் பேரேட்டிலே ஒரு பக்கம் மட்டும் வெற்றிடமாகவே கிடக்கிறது, தோழர்களே! பிறவாமலே மாண்டவை எத்தனை? பிறந்தும் நீந்த வலுவின்றி அழிந்தவை எத்தனை? அந்தப் பக்கத்தை நிரப்ப ஆளில்லை. நிரப்பச் சொல்லிக் கேட்கவும் ஆளில்லை. ஏனெனில், மாண்ட மீன்கரு கரையொதுங்குவதில்லை; படமெடுக்க வாய்ப்பதில்லை; கடற்கரையிலே குவிந்து நாறிக் குற்றம் சாட்டுவதுமில்லை. அது கரைந்து போகிறது. அது கரைந்து போவதே, கொன்றவனுக்குக் கிடைத்த விடுதலைப் பத்திரம்!

"பிணத்தைக் காட்டு, பிறகு பேசு" என்பது எண்ணெய்ச் சீமான்களின் நெடுநாள் வாதம். பிணமே மிஞ்சாத கொலையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

அமெரிக்க நாட்டின் வடமேற்குக் கோடியிலே, பனிமலைகள் சூழ்ந்த அலாஸ்காவிலே, பிரின்ஸ் வில்லியம் சவுண்ட் என்றொரு கடற்கூடல் இருக்கிறது. 1989ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 24ஆம் நாள், நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில், எக்சான் வால்டீஸ் என்ற எண்ணெய்க் கப்பல் அங்கேயுள்ள பிளை பாறைத்திட்டிலே மோதிற்று. வயிறு கிழிந்த கப்பலிலிருந்து ஏறத்தாழ 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கடலிலே கொட்டிற்று. சுமார் 2,100 கிலோமீட்டர் நீளக் கரையிலே கறை படிந்தது. மாண்ட கடற்பறவைகள் இரண்டரை இலட்சம் இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். நீர்நாய்கள் ஏறத்தாழ 2,800, கடல்நாய்கள் 300, வெண்தலைக் கழுகுகள் 250.

இவை எண்ணப்பட்டவை. எண்ணப்படாதவை?

நாளைக் கவனியுங்கள்: மார்ச்சு 24! அடுத்த சில வாரங்களிலே அந்தக் கடலில் ஹெர்ரிங் மீன்களின் சினைப்பருவம். நமது மத்தி மீனுக்கு உறவான இனம் அது; திரள் திரளாகக் கரையோரம் வந்து, கடற்பாசியின் மேலும் பாறையின் மேலும் முட்டைகளை ஒட்டவைத்துச் செல்லும் இனம். தாய்மீன் பிள்ளைக்குத் தேர்ந்தெடுத்த தொட்டில் எதுவோ, அதே கரையோரத்திலேதான் எண்ணெயும் வந்து ஒதுங்கிற்று. இளஞ்சிவப்புச் சால்மன் என்று மற்றோர் இனம். அது ஓடைகளின் முகத்துவாரத்திலே, அலையேறி இறங்கும் கூழாங்கற்களுக்கிடையே முட்டையிடும். அந்தக் கூழாங்கற்களுக்குள்ளும் எண்ணெய் புகுந்தது. தொட்டிலையே சுடுகாடாக்குவது என்பது மேடையிலே நாங்கள் சொல்லும் அலங்காரப் பேச்சு; அலாஸ்காவிலே அது நடந்த நிகழ்ச்சி.

அப்போது எண்ணெய்க் குழுமங்கள் என்ன சொல்லின? "எண்ணெய் மிதக்கும், மெல்லிய பகுதி காற்றிலே கலந்துவிடும், எஞ்சியது வெறும் தார், தாருக்கு நச்சு ஏது? இயற்கையே கழுவிவிடும்!" இதற்கு அந்நாளைய ஆய்வுமுறையும் துணை நின்றது. தொட்டியிலே மீனை விடுவது, எண்ணெய் கலப்பது, நான்கு நாள் பார்ப்பது. நான்காம் நாளும் மீன் நீந்தினால் "தீங்கில்லை" என்று முத்திரை குத்துவது. நான்கு நாளிலே சாகாதவன் நலமாயிருக்கிறான் என்று எந்த மருத்துவனாவது சொல்வானா? சொன்னால் அவனிடம் நாம் பிள்ளையைக் கொண்டு செல்வோமா?

அலாஸ்காவிலுள்ள ஆக் பே ஆய்வுக்கூடத்து அறிவியலாளர்கள் வேறு வழியிலே சென்றார்கள். வளர்ந்த மீனை விட்டுவிட்டு முட்டையை எடுத்தார்கள். நான்கு நாளை விட்டுவிட்டு மாதக்கணக்கிலே காத்திருந்தார்கள். அவர்கள் கண்டது, எண்ணெய் வணிகத்தின் வாதத்தையே தலைகீழாகப் புரட்டிற்று. மெல்லிய பகுதி காற்றிலே போன பிறகு எஞ்சும் பழைய எண்ணெய்தான், அளவுக்கு அளவு, மீன்கருவுக்குக் கொடியது! ஏனெனில், வளையம் வளையமாகப் பின்னிய சில ஹைட்ரோகார்பன்கள், அதிலும் மூன்று வளையம் கொண்டவை, எளிதிலே ஆவியாவதில்லை. அவை தங்குகின்றன, கொஞ்சங் கொஞ்சமாக நீரிலே கசிகின்றன, முட்டையின் மெல்லிய தோலைக் கடந்து உள்ளே செல்கின்றன.

எவ்வளவு வேண்டும்? குடம் குடமாகவா? 1999ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்விலே, நூறு கோடிப் பங்கு நீரிலே ஒரு பங்கு இருந்தபோதே சால்மன் கருக்களின் சாவு கூடிற்று. அதே ஆண்டின் மற்றோர் ஆய்விலே, ஹெர்ரிங் முட்டைகளுக்கு அந்த ஒரு பங்குகூடத் தேவைப்படவில்லை, 0.7 பங்கே போதுமானதாயிற்று. நூறு கோடி ரூபாயைக் குவித்துவைத்து, அதிலே ஒரே ஒரு ரூபாயைக் கள்ள நாணயமாக வைத்தால் கண்டுபிடிக்க முடியுமா உங்களால்? மீனின் கரு கண்டுபிடித்துவிடுகிறது. கண்டுபிடித்து மடிந்தும் விடுகிறது.

எப்படி மடிகிறது? மீன்முட்டை கண்ணாடி போன்றது. உருப்பெருக்கியின் கீழே வைத்தால், உள்ளே உயிர் உருப்பெறும் நாடகம் அத்தனையும் தெரியும். முதன்முதலிலே பணி தொடங்கும் உறுப்பு இதயம். நூலிழை போன்ற ஒரு குழாய் துடிக்கத் தொடங்கும், பிறகு வளையும், மடியும், அறைகளாகப் பிரியும். துடிப்பதும் உருவாவதும் ஒருசேர நடைபெறும் அந்த வேளையிலேதான் எண்ணெயின் நஞ்சு நுழைகிறது. துடிப்பு மந்தமாகிறது. வளைய வேண்டிய குழாய் வளைவதில்லை. இதயத்தைச் சுற்றி நீர் கோத்துக்கொள்கிறது. தாடை குறுகுகிறது, முதுகு கோணுகிறது. இரை கவ்வத் தாடையுமில்லை, பகை கண்டு ஓட வலுவுமில்லை. அப்படிப் பிறக்கும் குஞ்சுக்குக் கடலிலே எத்தனை நாள் வாழ்வு?

சியாட்டில் நகரத்து ஜான் இன்கார்டோனா முதலிய ஆய்வாளர்கள் இதன் வேரை ஆராய்ந்தார்கள். 2014ஆம் ஆண்டிலே, சூரை மீனின் இதயத் தசையணுக்களைக் கொண்டு, பார்பரா பிளாக் அம்மையார் குழுவினரோடு சேர்ந்து நடத்திய ஆய்வு உண்மையை உடைத்துக் காட்டிற்று. இதயம் ஒவ்வொரு முறை துடிப்பதும் பொட்டாசியம் வெளியேறுவதாலும் கால்சியம் சுழல்வதாலும் நடப்பது. அவற்றுக்கென அணுக்களிலே வாயில்கள் உண்டு. அந்த வாயிலையே எண்ணெய் அடைக்கிறது. தசையின் தாளம் கெடுகிறது. அதே வகை வாயில்கள்தாம் மனிதனின் மார்புக்குள்ளும் இருக்கின்றன என்பதை, மீன்தானே என்று அலட்சியமாய்ப் படிப்பவர்கள் நினைவிலே வைத்துக்கொள்வது நன்று.

இதைவிடக் கொடியது ஒன்றுண்டு. ஊனமாய்ப் பிறந்தவை உடனே மடிகின்றன. அவற்றையாவது ஊனம் என்று சொல்லலாம். பார்வைக்குப் பழுதில்லாமல் பிறந்தவை? ஆக் பே ஆய்வாளர்கள், 5.4 பங்கு நஞ்சிலே பொரிந்த சால்மன் குஞ்சுகளிலே நன்றாயிருந்தவற்றைக் குறியிட்டுக் கடலிலே விட்டார்கள். நஞ்சு படாத குஞ்சுகளையும் விட்டார்கள். வளர்ந்து தாயகம் திரும்பியவற்றை எண்ணிப் பார்த்தபோது, நஞ்சுபட்ட கூட்டத்திலே பிழைத்தவை நூற்றுக்குப் பதினைந்து வீதம் குறைந்திருந்தன. 2000ஆம் ஆண்டு வெளிவந்த கணக்கு இது. 2015ஆம் ஆண்டின் ஆய்வு காரணத்தைச் சொல்லிற்று: புறத்தே குறையில்லை, அகத்தே இதயத்தின் வடிவிலே குறை, நீந்தும் வேகத்திலே தளர்ச்சி. எண்ணெய் கொட்டியது ஓரிடத்தில். உயிர் போனது நெடுந்தொலைவில், நெடுநாள் கழித்து, வேறொரு மீனின் வாயில். கொலையாளி யார் என்று கேட்டால் அந்த வேறொரு மீனைத்தான் கைகாட்டுவார்கள்!

இப்போது வழக்குமன்றத்துக்கு வாருங்கள்.

1991ஆம் ஆண்டிலேயே அமெரிக்க அரசும் அலாஸ்கா மாநில அரசும் எக்சான் குழுமத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டன. உரிமையியல் வழக்குக்காக 90 கோடி டாலர் தருவதாக ஏற்பாடு. இரண்டே ஆண்டு கழிந்தது. 1993ஆம் ஆண்டு வசந்தத்திலே ஹெர்ரிங் பிடிக்கச் சென்றவர்கள் கண்டதென்ன? வரவேண்டிய திரளிலே சிறு பகுதியே வந்தது. அந்தக் கடலின் ஹெர்ரிங் வளம் சரிந்து வீழ்ந்தது. இடையிலே ஓரிரு ஆண்டுகள் திறந்து பார்த்தார்கள். 1999க்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த வணிக மீன்பிடிப்பு மூடியே கிடந்தது. இழப்பீட்டு நிதியைக் கண்காணிக்கும் குழு 2014ஆம் ஆண்டு வெளியிட்ட பட்டியலிலும், "மீளாத இனங்கள்" வரிசையிலே ஹெர்ரிங் நின்றது.

சரிவுக்கு எண்ணெய்தான் காரணமா? நேர்மையாகச் சொல்கிறேன்: அறிவியலாளரிடையே இதிலே கருத்து வேறுபாடு உண்டு. நோய் என்பார் உண்டு. இரைப் பற்றாக்குறை என்பார் உண்டு. எண்ணெயால் வலுவிழந்த மீனையே நோய் பற்றியிருக்கலாம் என்பாரும் உண்டு. ஐயம் இருக்கட்டும். நான் கேட்பது ஒன்றுதான்: ஐயத்தின் பலன் யாருக்குப் போயிற்று? எண்ணெய் கொட்டியவனுக்கா, வலையை மடித்து வைத்தவனுக்கா? தெருவிலே கிணற்றுக்குள் நஞ்சு கலந்தவன், "அந்தத் தண்ணீரைக் குடித்தவன் காய்ச்சலாலும் செத்திருக்கலாமே" என்று வாதாடினால், ஊர் அவனை மாலை போட்டு அனுப்பி வைக்குமா?

அந்த உடன்படிக்கையிலே ஒரு சிறு சாளரத்தைத் திறந்து வைத்திருந்தார்கள். அன்று எதிர்பாராத கேடு பின்னர் தெரியவந்தால், மேலும் 10 கோடி டாலர் வரை கேட்கலாம் என்று. கரைமணலுக்கடியிலே தங்கிவிட்ட எண்ணெய்க்காக 2006ஆம் ஆண்டு இரு அரசுகளும் ஏறத்தாழ 9 கோடியே 20 இலட்சம் டாலர் கேட்டன. குழுமம் கொடுக்கவில்லை. 2015ஆம் ஆண்டிலே அரசுகளே கோரிக்கையைக் கைவிட்டன. காட்டிய காரணம்? ஒருவகை வாத்தும் நீர்நாயும் மீண்டுவிட்டனவாம்! பார்த்தீர்களா பேரேட்டின் பெருமையை! வாத்து மீண்டது, நீர்நாய் மீண்டது, வழக்கு முடிந்தது. ஹெர்ரிங் எந்த வரியிலே வந்தது?

மீனவர் கதையாவது வேறா? பாதிக்கப்பட்டோர் 32,000 பேருக்கு மேல் வழக்காடினர். 1994ஆம் ஆண்டு நடுவர் குழு 500 கோடி டாலர் தண்டத்தொகை விதித்தது. மேல்முறையீடு, மேல்முறையீட்டின் மேல் முறையீடு என்று பதினான்கு ஆண்டுகள். 2008ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை 50 கோடியே 75 இலட்சமாகக் குறைத்தது. பத்திலே ஒன்று! அதற்குள் வழக்காடியவர்களில் பல்லாயிரவர் மண்ணுக்குள் போய்விட்டார்கள். நீதி தாமதித்தது என்று சொல்லமாட்டேன். நீதி, காத்திருந்தவர்களை எண்ணிப் பார்த்து, குறைந்த பிறகு வந்தது.

சரி, பட்டபின் புத்தி வந்ததா? 2010ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள், மெக்சிகோ வளைகுடாவிலே டீப்வாட்டர் ஹொரைசன் துளைமேடை வெடித்தது. உழைப்பாளிகள் 11 பேர் மாண்டனர். 87 நாட்கள் கடலடிக் கிணறு எண்ணெய் கக்கிற்று. அந்த ஏப்ரலும் மே மாதமும் அங்கே நீலத்துடுப்புச் சூரை மீன் முட்டையிடும் காலம்! முட்டைகளும் இளங்குஞ்சுகளும் மேல்மட்ட நீரிலே மிதக்கும் காலம். அங்கே என்ன செய்தார்கள்? எண்ணெயைச் சிறு துளிகளாக உடைக்கும் இரசாயனத்தை ஏறத்தாழ 70 இலட்சம் லிட்டர் அளவுக்குப் பயன்படுத்தினார்கள். கரைக்கு வரும் கறை குறையும் என்பது நோக்கம். ஓரளவு குறைந்தும் இருக்கலாம். ஆனால், உடைந்த துளி எங்கே போகும்? நீருக்குள் போகும். நீருக்குள் யார் இருக்கிறார்கள்? படமெடுக்கப்படாதவர்கள்! கண்ணுக்குத் தெரியும் கரையைக் காக்க, கண்ணுக்குத் தெரியாத கருவைக் காவு கொடுக்கும் பேரம் அது.

இந்தக் கட்டத்திலே அறிவாளி ஒருவர் எழுந்து கேட்பார்: "ஐயா, ஒரு ஹெர்ரிங் ஏறத்தாழ 20,000 முட்டை இடுகிறது. அவற்றிலே வளர்ந்து பெரிதாவது ஒன்றோ இரண்டோ. இயற்கையே கொல்கிற கூட்டத்திலே எண்ணெய் இன்னும் கொஞ்சம் கொன்றால் என்ன?" வலுவான கேள்விதான். விடையும் உண்டு. இருபதாயிரத்திலே ஒன்றிரண்டு எஞ்சுவதாலேயே ஓர் இனம் உயிர் வாழ்கிறது என்றால், அந்த ஒன்றிரண்டின் விலை எவ்வளவு! இயற்கை வலுவற்றதைக் கழித்து வலுவுள்ளதை விட்டுவைக்கிறது. எண்ணெயோ, வலுவுள்ளதையே வலுவற்றதாக்கி இயற்கையிடம் ஒப்படைக்கிறது. நூறு ரூபாய் வருவாயிலே தொண்ணூற்றெட்டு ரூபாய் செலவாகும் ஏழையிடம், எஞ்சிய இரண்டு ரூபாயைப் பறித்துக்கொண்டு, "நீதான் தொண்ணூற்றெட்டைச் செலவழிப்பவனாயிற்றே, இரண்டு போனால் என்ன" என்று கேட்பவனுக்குப் பெயர் பொருளாதார மேதையா, வழிப்பறிக்காரனா?

எங்கோ அலாஸ்கா, எங்கோ மெக்சிகோ வளைகுடா, நமக்கென்ன என்று கேட்கலாமா? கேட்கும் தகுதியை எண்ணூர் நம்மிடமிருந்து பறித்துவிட்டது. 2017ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள், எண்ணூர்த் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதின. வல்லரசுக் கனவு காணும் நாட்டிலே, வாளியால் அள்ளியள்ளி எண்ணெயை வெளியேற்றினார்கள் நம் இளைஞர்கள். 2023ஆம் ஆண்டு திசம்பரிலே மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்திலே படர்ந்தது. மணலியிலுள்ள சென்னைப் பெட்ரோலிய நிறுவனத்து வளாகத்திலிருந்து வந்தது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே பசுமைத் தீர்ப்பாயத்திடம் கூறிற்று. கறை படிந்த கூழைக்கடாக்களின் படம் ஏடுகளிலே வந்தது. அலாஸ்காவின் முதற்காட்சி அப்படியே எண்ணூரிலும் அரங்கேறிற்று!

கழிமுகம் என்பது என்ன? ஆறும் கடலும் கைகோக்கும் இடம். மடவைக் குஞ்சும் இறால் குஞ்சும் அடைக்கலம் புகுந்து வளரும் இடம். அலையாத்தி வேர்களுக்கிடையே இயற்கை நடத்தும் குழந்தைகள் காப்பகம். காட்டுக்குப்பத்து மீனவருக்கும் முகத்துவாரக்குப்பத்து மீனவருக்கும் அதுவே வயல், அதுவே வங்கி. அங்கே எண்ணெய் புகுந்தபோது அரசு அறிவித்த நிவாரணம், பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய். படகு ஒன்றுக்கு 10,000 ரூபாய். கொடுத்ததைக் குறை சொல்லவில்லை. பசித்த நேரத்திலே அது உதவியது. ஆனால், அந்த அளவுகோலைப் பாருங்கள்: குடும்பம் ஒரு தலைப்பு, படகு ஒரு தலைப்பு. வளர்ந்து வலையிலே விழ வேண்டிய குஞ்சு எந்தத் தலைப்பு? அடுத்த ஆண்டின் வலை வெறுமையாய் வந்தால், அது எந்தப் புயலின் கணக்கு?

கப்பலே வேண்டாம், எண்ணெயே வேண்டாம் என்று நாங்கள் சொல்வதாகத் திரித்துப் பேசுவார்கள். நாம் கேட்பது நான்கே நான்கு.

முதலாவது, எண்ணெய் நடமாடும் கடற்பகுதியிலும் கழிமுகத்திலும் மீன்குஞ்சு வளம் எவ்வளவு என்று, கேடு வருமுன்பே அளந்து எழுதி வையுங்கள். முன்கணக்கு இல்லாதவனால் இழப்பை மெய்ப்பிக்க முடியாது; அதை அறிந்துதான் முன்கணக்கு எடுக்காமலே காலம் கடத்துகிறார்கள். இரண்டாவது, எண்ணெய் கொட்டினால் பிணத்தை மட்டும் எண்ணாதீர்கள். முட்டையையும் குஞ்சையும் ஆண்டுதோறும் ஆராயுங்கள். செலவு எண்ணெய்க்கு உரியவனுடையது. மூன்றாவது, ஹெர்ரிங் முட்டை வளர்ந்து தானே முட்டையிட மூன்று நான்கு ஆண்டு வேண்டும். ஒரு தலைமுறை மீன் வளர்ந்து திரும்பும் வரையிலாவது எந்த இழப்பீட்டுப் பேரேட்டையும் மூடாதீர்கள். நான்காவது, ஐயம் எழுந்தால் அதன் சுமை கொட்டியவன் தோளில் இருக்கட்டும். "என் எண்ணெய் கொல்லவில்லை" என்று அவன் மெய்ப்பிக்கட்டும். கட்டுமரத்திலே போகிறவனிடம் ஆய்வுக்கூடம் எங்கே இருக்கிறது?

இந்த நான்கும் அறிவியல் சொல்லித் தந்த பாடத்திலிருந்து நேராக வந்தவை. பாடத்துக்குரிய கட்டணத்தை அலாஸ்காவின் மீனவர்கள் செலுத்திவிட்டார்கள். இருபது ஆண்டு மூடிக் கிடந்த கடலைக் கொண்டு செலுத்தினார்கள். அதை மறுபடியும் எண்ணூர்க் குப்பத்திலே வசூலிக்க வேண்டியதில்லை.

தோழர்களே! வாக்குரிமை இல்லாதவர்களுக்காக வாதாடுவதற்கே அரசியல். மீன்குஞ்சுக்கு வாக்கில்லை, வாயில்லை, வழக்கறிஞர் இல்லை. அதை நம்பி வாழும் மீனவனுக்கோ வாக்கு இருக்கிறது. அவனுக்கு வாயாக நாம் இருக்கிறோம். மேசைமேல் பேரேட்டை விரித்து வைத்து, "பறவை இத்தனை, படகு இத்தனை, கணக்குச் சரிதானே?" என்று அவர்கள் கேட்கும்போது, மன்றத்தின் பின்வரிசையிலிருந்து எழுந்து உரக்கச் சொல்லுங்கள்: "சரியில்லை! ஒரு பக்கம் வெற்றிடமாயிருக்கிறது. அதை எழுதுங்கள். எழுதி முடிக்கும் வரை கையொப்பம் கிடையாது!"